தகரத் துண்டு

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டுக்கு ஆறு இடம்தான். ஆனால் போர்டைப் படித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். பான் கார்டு, ரேஷன் கார்டு திருத்தம், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கரன்ட் பில். கடைசி வரியில் சிவப்புப் பெயின்ட்டில்: வெளிநாட்டு வேலைக்கு அணுகவும்.

அங்கேதான் அந்தப் பையனைப் பார்த்தேன். எண்ணூர் பக்கம் ஒரு ஷெட்டில் வெல்டர். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டவன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ். ஒரிஜினல் ஏஜென்ட்டிடம் இருக்கிறதாம்.

"அண்ணே, நீங்க பத்திரிகையில எழுதுற ஆளுதானே? ஒண்ணு கேக்கணும். துபாய்ல வேலை. ஒரு லட்சத்து இருபதாயிரம் கேக்குறாரு. அவ்ளோ துட்டு குடுக்கணுமா, இல்ல நானே ஆன்லைன்ல போட்டுக்கலாமா?"

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். மகளுக்கு ஸ்டூடன்ட் விசா, அம்மாவுக்கு விசிட்டர் விசா, மச்சானுக்கு வளைகுடா வேலை என்று பெயர்தான் மாறும். ஏஜென்ட்டைப் பிடிப்பதா, நாமே பார்ப்பதா?

அவனிடம் பதில் சொல்ல இரண்டு நாள் டைம் கேட்டேன். காரணம், இதே கேள்வியை இதே கடற்கரையில் 180 வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று தோன்றியது.

நீங்களும் வாருங்கள், சேர்ந்தே புரட்டுவோம்.

*

1834-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குத் தலையில் இடி. சம்பளமில்லாத ஆள் போய்விட்டான். சொற்பச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். எங்கே கிடைப்பான்? இந்தியாவில்! அதே 1834-லேயே கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸுக்குக் கப்பல் போய்விட்டது.

ஏமாற்று, கடத்தல் என்று புகார்கள் கிளம்பியதும் 1837-ல் கம்பெனி சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. கப்பலேறப் போகிறவனும் அவனை அனுப்பும் ஏஜென்ட்டும் சேர்ந்து ஓர் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். வேலை நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் ஐந்து வருஷம். கப்பலில் இத்தனை இடம், இத்தனை சாப்பாடு, ஒரு வைத்தியர்.

கவனித்தீர்களா? இன்றைய எமிகிரேஷன் கிளியரன்ஸின் கொள்ளுத்தாத்தா இதுதான். பயணி, ஏஜென்ட், அதிகாரி, காகிதம் என்ற நான்கு பேர் கொண்ட நாடகம் அப்போதே மேடை ஏறிவிட்டது. இதில் பயணி ஒருவனுக்குத்தான் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது.

ராயபுரத்துக்கு வருவோம். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னமும் நிற்கிறது, போகும்போது ஒரு பார்வை பாருங்கள். வட ஆற்காட்டிலிருந்து மதராஸ் கடற்கரைக்கு மாட்டு வண்டியில் நாள் கணக்கில் வந்தது போய், சில மணி நேரப் பயணமாகிவிட்டது. சரக்குக்கு மட்டுமல்ல, மனுஷனுக்கும்தான்.

நான்கே வருஷம். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராஸிலிருந்து கிளம்பியது. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டிக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். 342 பேர். நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் டர்பனில் இறங்கினார்கள். கரும்புத் தோட்ட வேலை. முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், அன்றைய கணக்கில் ஐந்து ரூபாய். அதற்குப் பிறகு 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸிலிருந்து ஏறியவர்கள். மாவட்டவாரியாகப் பார்த்தால் வட ஆற்காட்டுக்கு முதல் வரிசையில் இடம்.

இவர்களை யார் பிடித்துக் கொடுத்தது?

மேலே காலனி அரசாங்கத்தின் எமிகிரேஷன் ஏஜென்ட் ஒருவர், சம்பளக்காரர். கீழே லைசென்ஸ் வாங்கிய ஆள்பிடிப்பவர்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, தலைக்கு இத்தனை என்று கமிஷன். 100 ஆணுக்கு 40 பெண் போயே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்ததால், பெண்ணுக்குக் கமிஷன் கூடுதல். சந்தையில், ரயிலடியில், சத்திரத்து வாசலில், மாமியாரிடம் கோபித்துக்கொண்டு வந்தவளை, பஞ்சத்தில் நிலம் போனவனை, 'நல்ல வேலை இருக்கு, வா' என்று கூப்பிடுவான். எந்த ஊர், எத்தனை நாள் கடல், என்ன வேலை? அதெல்லாம் பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.

நான் படித்தது பி.காம். எனக்கு எந்தக் கதையைக் கேட்டாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்றுதான் முதலில் தோன்றும். இங்கே கணக்கு சுலபம். ஆள் கப்பலேறினால் கமிஷன். போன ஆள் அங்கே பிழைத்தானா, செத்தானா என்பது கமிஷன் கணக்கில் வரவே வராது. ஆகவே ஆள்பிடிப்பவன் பொய் சொன்னதற்கு அவனுடைய கெட்ட குணம் மட்டும் காரணமில்லை. அவன் சம்பாத்தியமே அந்தப் பொய்யின்மேல் கட்டப்பட்டிருந்தது.

1871-ல் ஒப்பந்தம் முடிந்து முதல் கோஷ்டி 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற கப்பலில் மதராஸ் திரும்பியது. வந்தவர்கள் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. எமிகிரன்ட்களின் பாதுகாவலர் அதிகாரி முன்னால் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தது, அடித்தது, முடிவில் தருவதாகச் சொன்ன வெகுமதிப் பணம் வராதது என்று எல்லாம் எழுத்தில் ஏறியது. விளைவு? புதிதாக ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய சர்க்கார் கையை விரித்தது. நேட்டால் ஆடிப்போய் 1872-ல் விசாரணைக் கமிஷன் வைத்தது, பாதுகாவலர் ஒருவரை நியமித்தது. 1874-ல்தான் கப்பல்கள் மறுபடி கிளம்பின. கைநாட்டுப் பேர்வழிகள் கொடுத்த வாக்குமூலம் ஒரு காலனியின் கரும்புத் தோட்டங்களையே கையைப் பிசைய வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டாமா?

இன்னொரு விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பருக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், ஜாதி, வயது, ஊர், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். கப்பல் வாரியாக லிஸ்ட். எழுதிய குமாஸ்தாக்கள் தமிழ்ப் பெயரைக் கண்டபடி கடித்துக் குதறியிருக்கிறார்கள் என்பது வேறு. ஆனாலும் பெயர் இருந்தது.

*

'ஏஜென்ட் சகவாசமே வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன்' என்று அந்தக் காலத்தில் யாரும் போகவில்லையா? போனார்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள், கணக்கர்கள், கடைக்காரர்கள். அவர்களுக்குப் 'பாசஞ்சர் இந்தியர்' என்று பெயர். முதல் உலகப் போர் வரை பாஸ்போர்ட் இல்லாமலே சாதாரண ஆள் கப்பலேற முடிந்தது என்பதால், கையில் காசிருந்தால் போதும்.

இவர்கள் கடை போட்டதும் வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். 1897-ல் நேட்டால் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உள்ளே வருபவர் ஒரு விண்ணப்பத்தை ஐரோப்பிய மொழி ஏதாவது ஒன்றில், தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்தியன்' என்ற வார்த்தை சட்டத்தில் கிடையாது. தேவையும் இல்லை. நாலு தலைமுறைக் கணக்கைத் தமிழிலோ குஜராத்தியிலோ தப்பில்லாமல் எழுதத் தெரிந்த வியாபாரியால் அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாது. அவ்வளவுதான், திரும்பிப் போ!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏஜென்ட் மூலம் போகும் கூலிக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அவனுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. தன் காலில் நின்று போகிறவனுக்குத்தான் ஃபாரம். 'நீயே எழுது' என்று சொல்லியே ஒருவனை வெளியே தள்ள முடியும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் இது. ஆஸ்திரேலியாவும் இதைப் பார்த்து 1901-ல் எழுத்துப் பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் சில நாட்டு விசா ஃபாரத்தைத் திறந்தவுடன் நமக்கு வியர்க்கிறதே, அது தற்செயல் இல்லை.

ஆகவே ஏஜென்ட் என்றாலே திருடன், சொந்தமாகச் செய்வதே உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை.

*

பக்கத்து இலங்கைக்கு வருவோம். இங்கேதான் கதை சுவாரஸ்யம் ஆகிறது. வேதனையும் ஆகிறது.

இலங்கைக்கு ஒப்பந்தக் கப்பல் இல்லை. அங்கே கங்காணி. தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் சொந்த ஊருக்கே வருவார். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம். தன் உறவு, தன் ஜாதி, தன் தெரு. 'என்னை நம்பி வா மாப்ளே' என்பார். ஊர்க் கடனை அடைக்க, வழிச் செலவுக்கு என்று கையில் காசு வைப்பார். அந்தக் காசு கூலியின் பேரில் கடனாக ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தினசரி காசு தனி.

அந்நியனை நம்பி ஏமாந்தது நேட்டால் கதை. சொந்தக்காரனை நம்பி மாட்டிக்கொண்டது இலங்கைக் கதை. எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் 'துண்டு' என்று ஒரு சமாச்சாரம் இருந்தது. கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். 'இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு ரூபாய் பாக்கி; அதைக் கட்டுகிறவரிடம் ஆட்களை விட்டுவிடுகிறேன்' என்று அர்த்தம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். யார் அதிகம் கொடுக்கிறாரோ அவரிடம் ஆட்கள் போவார்கள். கடனும் கூடவே போகும், சில சமயம் வளர்ந்தே போகும். தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்த முன்பணம் சொத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். காலேஜில் சொத்துப் பக்கத்தில் கட்டடம், இயந்திரம், கடனாளிகள் என்று எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் 'கடனாளிகள்' என்ற வார்த்தைக்குள் குடும்பம் குடும்பமாக மனுஷர்கள் இருக்கக்கூடும் என்று சொல்லித்தரவில்லை. துண்டு முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள்.

அடுத்தது தகரம். 1900-களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வரும் கூலிக்கு ஒரு தகர டிக்கெட் கொடுக்கும் முறை வந்தது. சின்ன உலோக வில்லை. அதில் ஓர் எழுத்து, அது எந்த மாவட்டம் என்று சொல்லும். ஒரு எண், அது எந்தத் தோட்டம் என்று சொல்லும். அதைக் காட்டினால் ரயிலில் ஏற்றித் தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். செலவைத் தோட்டத்திடம் வாங்கிக்கொள்வார்கள். நடந்து போய் வழியிலேயே காலராவில் செத்த பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் இது உண்மையிலேயே பெரிய உதவி. படிப்புத் தேவையில்லை, ஃபாரம் தேவையில்லை. சௌகரியம் என்றால் அப்படி ஒரு சௌகரியம்!

ஒரே ஒரு குறை. தகரத்தில் தோட்டத்தின் எண் இருந்தது. ஆளின் பெயர் இல்லை. தபால் பார்சலில் யாருக்குப் போகவேண்டும் என்று எழுதுவோமே, அந்த மாதிரி.

வருஷங்கள் ஓடின. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். உன் அப்பா இங்கே பிறந்தாரா, தாத்தா இங்கே பிறந்தாரா, நிரூபி. எதை வைத்து நிரூபிப்பது? பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமே அரிதாக இருந்த காலத்து லயத்துப் பிள்ளைகள் அவர்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1949-ல் இன்னொரு சட்டம். இத்தனை வருஷம் இங்கே தொடர்ந்து வசித்தேன் என்று காட்டி விண்ணப்பிக்கலாம். முதலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் புறக்கணித்தது. பிறகு கெடு முடியும் நேரத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது? ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. மற்றவர்களின் ஃபாரத்தில் இந்தத் தேதி சரியில்லை, அந்தச் சான்று போதாது, நடுவில் இந்தியா போய் வந்திருக்கிறாய். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, எஞ்சியவர்களில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். காகிதமில்லாமல் ராமேஸ்வரம் பக்கமிருந்து படகில் போனவர்களுக்குக் 'கள்ளத்தோணி' என்ற பட்டம் வேறு. கடைசியில் காகிதம் வைத்திருந்த தோட்டத் தமிழனையும் அதே வார்த்தையால் திட்டினார்கள்.

தாத்தாவைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏஜென்ட் தாத்தாவின் பெயரில் ஒரு காகிதம்கூட வாங்கித் தரவில்லை. பேரன் ஐம்பது வருஷம் கழித்து அதற்கு விலை கொடுத்தான்.

நேட்டாலின் கப்பல் லிஸ்ட்டை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா? அந்த லிஸ்ட்களை வைத்துத்தான் தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கொள்ளுப்பேரன்கள் இன்று தங்கள் கிராமத்தைத் தேடுகிறார்கள். இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஆதாரமாகவும் காட்டுகிறார்கள். மொரீஷியஸ் இந்தியர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை அந்த அட்டை கிடைக்கும் என்று 2024-ல் அறிவித்தார்கள். அங்கே மோகாவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் பழைய பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் குமாஸ்தா தப்பும் தவறுமாக எழுதினாலும் பெயரை எழுதியதால் வந்த புண்ணியம்.

*

நடுவில் மலேயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். எனக்குத் தெரிந்து இந்த 180 வருஷத்தில் உருப்படியான ஒரு யோசனை அங்கேதான் வந்தது.

1907-ல் 'தமிழ்க் குடியேற்ற நிதி' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் தலைக்கு இவ்வளவு என்று நிதிக்குக் கட்டவேண்டும். ஆளைக் கொண்டுவரும் கப்பல் செலவு எல்லாம் அந்த நிதியிலிருந்து. கூலியின் பேரில் கடன் ஏறாது. இந்த நிதி தர்மம் இல்லை. ஒருவர் செலவழித்துக் கொண்டுவந்த ஆளைப் பக்கத்துத் தோட்டக்காரர் தட்டிக்கொண்டு போவதைத் தடுக்க முதலாளிகளே கண்டுபிடித்த வழி. ஆனால் பலன் கூலிக்கும் கிடைத்தது.

மதராஸுக்குப் பக்கத்தில் ஆவடியிலும், நாகப்பட்டினத்திலும் டிப்போ இருந்தது. கங்காணியே இல்லாமல், தானாக நடந்து போய் 'நான் மலேயா போகிறேன்' என்று டிப்போ வாசலில் நின்றால், இலவசமாகக் கப்பல் ஏற்றுவார்கள். 1930-களில் கங்காணி அழைத்துப் போனவர்களைவிட இப்படித் தாமாக வந்தவர்களே அதிகம். ஏஜென்ட்டை யாரும் சட்டம் போட்டு அடித்து விரட்டவில்லை. செலவு யார் தலையில் என்பதை மாற்றினார்கள். அவருடைய தேவை குறைந்துவிட்டது.

மலேயாத் தோட்டங்களில் கூலியைக் குறைத்ததால் 1938-ல் இந்திய சர்க்கார் அந்தக் கப்பல் உதவியை நிறுத்தியது. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. சொந்தக் காசில் போகிறவர்களுக்கு 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பல் இருந்தது. மதராஸிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ராயபுரம், மண்ணடிப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அந்தக் கப்பலில் போன உறவினர் ஒருவராவது இருப்பார்.

பாஸ்போர்ட் உங்கள் உரிமையா, சர்க்காரின் பிச்சையா என்ற கேள்விக்கே 1967-ல்தான் பதில் கிடைத்தது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரி வழக்குப் போட, வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பிறகு வளைகுடாவில் எண்ணெய்ப் பணம், பம்பாயிலும் மதராஸிலும் தெருவுக்குத் தெரு ஏஜென்சி. 1922-ம் வருஷத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல் 1983-ல் புதுச் சட்டம் போட்டார்கள்.

அந்தச் சட்டப்படி பதிவு பெறாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. 'சப் ஏஜென்ட்' என்று ஒரு ஜாதியே சட்டத்தில் கிடையாது. தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இப்போது 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. மீறினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆமாம், இரண்டாயிரம்தான். பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு ஆளிடம் லட்சம் வாங்குகிறவருக்கு இந்த அபராதம் எத்தனை சதவிகிதம் என்று நான் போட்ட கணக்கை இங்கே எழுதவில்லை, கோபம்தான் வரும்.

பத்தாவது பாஸ் செய்யாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் அனுமதி வாங்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமோ, வெளிநாட்டு முதலாளியே நேரடியாகவோ 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றினால்தான் இது நடக்கும். இந்த அனுமதியோடு போனால் பத்து லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். தமிழக அரசே 1978-ல் ஆரம்பித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அதை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி.

'படிக்காதவன்தான் ஏமாறுவான்' என்கிறீர்களா? 2022-ல் என்ன நடந்தது? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நம் பையன்களை அழைத்துப்போனார்கள். எல்லை ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து, ஆன்லைனில் ஊர் உலகத்தை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். பத்தாவது தாண்டியவர்களுக்கு எமிகிரேஷன் சோதனை கிடையாது. 'நீ விவரமானவன், நீயே பார்த்துக்கொள்வாய்' என்பது சட்டத்தின் எண்ணம். அவர்களிடம் வந்ததும் ஏஜென்ட்தான். அங்கே இங்கிலீஷ் பேசும் கங்காணி.

*

இரண்டு நாள் கழித்துப் பையனைப் பார்த்தேன். கடை வாசலில் டீ சொன்னான்.

"எந்த விசான்னு சொன்னாரு?"

"மொதல்ல விசிட் விசாவாம் ண்ணே. அங்க போய் மாத்திக்கலாமாம்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒன்பதாவது படித்தவனுக்கு வேலை விசா என்றால் எமிகிரேஷன் அனுமதி வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவன் என்று அனுப்பிவிட்டால் எதுவும் வேண்டாம். இன்ஷூரன்ஸும் கிடையாது. அங்கே சம்பளம் வராவிட்டால் எந்த முதலாளியைக் கேட்பது? காகிதத்தில் முதலாளியே இல்லையே.

"நானே போட்டுக்கலாமா?" என்று மறுபடி கேட்டான். சுற்றிப் பார்க்கும் விசா என்றால் தாராளமாக நீயே போடலாம். ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது. வேலை விசா என்றால் நீயும் போட முடியாது, ஏஜென்ட்டும் போட முடியாது, அங்கே இருக்கும் கம்பெனிதான் போடவேண்டும் என்றேன். ஏஜென்ட் நடுவில் நிற்கும் ஆள்தான். பதிவு நம்பர் கேள். உன் பெயரில், சம்பளம் போட்ட ஒப்பந்தம் கேள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேள். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேள்.

"நம்ம ஏரியா ஆளு ண்ணே. எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவரு. எப்படிக் கேக்கறது?"

புதுக்கோட்டைக் கிராமத்திலும் நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் தயங்கியிருப்பார்கள்.

எனக்கும் பேச யோக்யதை கம்மி. இருபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் என் முதல் பாஸ்போர்ட்டுக்குச் சோம்பேறித்தனத்தால் ஒரு ஏஜென்ட்டைத்தான் பிடித்தேன். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பாஸ்போர்ட் வந்தது. குடும்பப் பெயர் கட்டத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே! விஷயம் தெரிந்தவர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பார். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோதுதான் அந்த வெற்றுக் கட்டம் எத்தனை தமிழர்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். அதற்குள் ஏர்போர்ட் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு.

ஒரு வாரம் கழித்துப் பையனிடமிருந்து போன்.

"அண்ணே, பாஸ்போர்ட்ட வாங்கிட்டேன். மாமாவ கூட்டினு போயி நின்னேன். பதிவு நம்பர் கேட்டதுக்கு மொறைச்சாரு. அட்வான்ஸ் அஞ்சாயிரம் குடுத்தேன், அது வராது போல."

"போனா போகட்டும். துபாய்?"

"தெரிஞ்ச பசங்க அங்க கீறானுங்க. அவங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாம், இ-மைக்ரேட்ல ஏத்துறோம்னு சொல்லியிருக்காங்க. பாக்கலாம். இப்ப வேற பிரச்சனை ண்ணே. பாஸ்போர்ட்ட இப்பத்தான் ஒழுங்கா படிச்சுப் பாத்தேன். எங்க அப்பா பேர்ல ஒரு எழுத்தைக் காணோம். ஜெராக்ஸ் கடைக்காரர் ஐந்நூறு சேத்துக் குடு, நான் போட்டுத்தரேன்றாரு."

"நீ என்ன சொன்னே?"

"திருத்தறதுக்கு ஆயிரத்தி ஐந்நூறுன்னு போன்லயே பாத்துட்டேன். நானே போட்டுட்டேன். வியாழக்கெழமை அமைந்தகரைக்கு வரச் சொல்லி இருக்கு. ஆதார், ஸ்கூல் டி.சி., அப்பா ரேஷன் கார்டு மூணும் எடுத்து வெச்சிட்டேன். டி.சி.-ல மட்டும் அப்பா பேரு வேற மாரி கீது. இன்னா ண்ணே பண்றது?"